எல்லையிலே பிரிந்த குழந்தைகள்

இரயில் நிலையத்தில் பிரயாணி ஒருவர் தம் பெட்டியைப் பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படைக்கிறார். அங்கிருக்கும் குமாஸ்தா பெட்டியின்மேல் ஓர் எண்ணை ஒட்டி, அதே எண் குறித்த சீட்டு ஒன்றை அவர் கையில் கொடுக்கிறார். மாலையில் அவர் திரும்பி வந்து சீட்டை நீட்டினால் பெட்டி கிடைத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு உயிராக இருப்பது ஒன்றே ஒன்று: இரு பக்கத்திலும் ஒரே எண் இருக்கிறது. இது மிகச் சிறிய காரியம். ஆயினும், செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் சிறந்த ஒரு பெரிய தேசம் இச்சிறு காரியத்தைச் செய்யத் தவறியமையால், 2018-ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் தாய் தந்தையர் எங்கே என்று அறியாமல் நின்றார்கள். அந்த வரலாற்றையே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் எல்லை மெக்சிகோ தேசத்தை ஒட்டியது. அந்த எல்லைக்கு நாள்தோறும் மக்கள் வந்து சேர்கிறார்கள். அந்நாளில் குழந்தைகளோடு வந்த குடும்பங்களில் மிகப் பல, மத்திய அமெரிக்காவிலுள்ள குவாட்டமாலா, ஹாண்டுராஸ், எல் சால்வடார் ஆகிய மூன்று சிறு நாடுகளிலிருந்து புறப்பட்டவை. சிலர் வறுமையால் வந்தனர். சிலர் மழை பொய்த்து விளைச்சல் அற்றுப்போனமையால் வந்தனர். இன்னும் பலர், ஊரை ஆட்டிப் படைக்கும் கொள்ளைக் கூட்டத்தாருக்கு அஞ்சி, மகனையோ மகளையோ காப்பாற்றும் பொருட்டு இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தனர். உயிருக்கு அஞ்சி வருபவருக்குப் புகலிடம் கேட்கும் உரிமை உண்டு என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட நீதி. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அதனை வகுத்தது. அதன் தொடர்ச்சியான 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அமெரிக்கா 1968-இல் சேர்ந்தது. எந்த வழியாக வந்திருந்தாலும், நாட்டு மண்ணை மிதித்தவர் புகலிடம் கோரி விண்ணப்பிக்கலாம் என்று அந்நாட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

ஆனால் அனுமதியின்றி எல்லையைக் கடப்பது குற்றம் என்று 1929-ஆம் ஆண்டிலிருந்து மற்றொரு சட்டமும் அங்கே உண்டு. முதன்முறை கடப்பவர்க்கு அது சிறு குற்றமே. ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனையே அதற்கு உச்சம். சிறு குழந்தைகளோடு வந்த பெற்றோர்மீது அச்சட்டத்தின்படி வழக்குத் தொடுப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 2017-இல் எல் பாசோ நகரத்துப் பகுதியில் மட்டும் அது சோதனையாகத் தொடங்கப்பட்டது. பிறகு 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி, அந்நாளைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், எல்லையை முறையின்றிக் கடப்பவர் அனைவர்மீதும் விதிவிலக்கின்றி வழக்குத் தொடுக்கப்படும் என்று ஆணை பிறப்பித்தார். குழந்தையோடு வருபவர் குழந்தையிலிருந்து பிரிக்கப்படுவர் என்பதை மே மாதம் 7-ஆம் தேதி அவர் வெளிப்படையாகவே அறிவித்தார்.

இந்த ஆணை எவ்வாறு வேலை செய்தது என்பதை நீங்கள் கூர்ந்து நோக்கவேண்டும். வழக்குத் தொடுக்கப்பட்ட தாயோ தந்தையோ குற்றவாளிகளுக்குரிய காவலுக்குச் செல்லவேண்டும். அச்சிறையில் குழந்தையை வைக்கச் சட்டம் இடம் தராது. எனவே குழந்தை வெளியே நிற்கிறது. அப்பொழுது அதிகாரிகள் அதற்கு ஒரு பெயர் இடுகிறார்கள்: ‘துணையின்றி வந்த குழந்தை’ என்பது அப்பெயர். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை, அவள் கையை விடுவித்த மறுநொடியில் துணையின்றி வந்ததாகிவிடுகிறது! துணையின்றி வரும் குழந்தைகளை 72 மணி நேரத்துக்குள் மற்றோர் இலாகாவிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. அவ்விதி நல்ல நோக்கத்தோடு இயற்றப்பட்டதுதான். உண்மையிலேயே தனியாக வந்து சேரும் சிறுவர்களை எல்லைக் காவலர்களின் கொட்டடியில் நெடுநேரம் அடைத்து வைக்கலாகாது என்பதே அதன் கருத்து. ஆதரவற்றவரைக் காக்க வகுத்த விதி, ஆதரவு உள்ளவரை ஆதரவற்றவராக்கும் கருவியாக மாறியது.

இனி, அந்த எண் எவ்வாறு தொலைந்தது என்று பார்ப்போம். எல்லைக் காவலர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளை ஏற்றுக்கொண்ட காப்பகங்களோ சுகாதார, மனித நலத் துறையின் பொறுப்பில் இருந்தன. குடும்பமாக வந்தவர்களுக்கு முதலில் குடும்ப எண் ஒன்று தரப்பட்டது. பிரித்த பின்பு பெற்றோரின் கணக்கு ஓர் இலாகாவிலும், குழந்தையின் கணக்கு வேறோர் இலாகாவிலும் தனித்தனி எண்களோடு சென்றன. இன்ன குழந்தை இன்னாருடைய குழந்தை என்று இரண்டையும் இணைத்துக் காட்டும் பொதுப் பதிவேடு இல்லை. பின்னாளில் விசாரணை செய்த அரசாங்கத் தணிக்கையாளர்களே இதனை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதன் விளைவு என்ன? டெக்சஸ் மாநிலத்து நீதிமன்றம் ஒன்றில் சில நிமிடங்களில் விசாரணை முடிந்து, ‘காவலில் இருந்த காலமே போதிய தண்டனை’ என்று தீர்ப்புப் பெற்றுத் திரும்பிய தாய், தன் குழந்தை அதற்குள் வேறிடம் அனுப்பப்பட்டுவிட்டதைக் கண்டாள். எங்கே என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. நியூயார்க், மிச்சிகன் போன்ற தொலைதூர மாநிலங்களுக்கெல்லாம் குழந்தைகள் கொண்டு செல்லப்பட்டனர். நானூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர், தம் மக்கள் அமெரிக்காவில் இருக்க, தாம் மட்டும் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

சான் டியேகோ நகரத்து மத்திய நீதிமன்றத்தில் இவ்வழக்கை விசாரித்த நீதிபதி டேனா சாப்ரா, தம் ஆணையில் ஓர் ஒப்புமையைக் காட்டினார். காவலில் வைக்கப்படுவோரின் பணம், முக்கியப் பத்திரங்கள், மோட்டார் வண்டி ஆகியவற்றை அரசாங்கம் பட்டியலிட்டுப் பாதுகாத்து, விடுதலையாகும்போது திருப்பித் தருகிறது. அவ்வளவு திறமையோடுகூடக் குழந்தைகளுக்குக் கணக்கு வைக்கப்படவில்லை என்பது அவர் கண்ட உண்மை. சட்டப் புத்தகங்களின் கடுமையான நடையில் எழுதப்பட்ட வாக்கியந்தான் அது. ஆயினும் அதைப் படித்தபோது, எந்தக் கவிஞனின் புலம்பலும் உண்டாக்காத துயரத்தை அது என் நெஞ்சில் உண்டாக்கிற்று.

இதுவரை அதிகாரிகளின் பக்கத்தைச் சொன்னேன். குழந்தையின் பக்கத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 2018 ஜூன் மாதம் எல்லைக் காவல் நிலையம் ஒன்றில் மறைவாகப் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடா ஒன்று பத்திரிகைக்காரர்களின் கைக்குக் கிடைத்து, உலகம் முழுவதும் ஒலித்தது. அதிலே பத்துக் குழந்தைகள் அம்மா என்றும் அப்பா என்றும் அழைத்து அழுகின்றன. அவ்வழுகைக்கிடையே எல் சால்வடார் நாட்டைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் குரல் தெளிவாகக் கேட்கிறது. தன் சிற்றன்னையைத் தொலைபேசியில் அழைக்கவேண்டும் என்று அவள் கேட்கிறாள். எண்ணைத் தான் மனப்பாடம் செய்து வைத்திருப்பதாகச் சொல்கிறாள். திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அரசாங்கம் தரத் தவறிய சீட்டை, அச்சிறுமி தன் நினைவிலே எழுதி வைத்துக்கொண்டிருந்தாள். பிற்பாடு அந்த எண்ணே அவளுக்கும் அவள் உறவினருக்கும் இடையே தொடர்பை உண்டாக்கிற்று.

எண்ணை நினைவில் வைக்க இயலாத குழந்தைகளின் நிலை யாது? தன் தாயின் பெயர் ‘அம்மா’ என்பதற்குமேல் ஒன்றும் அறியாத வயது அது. தான் வந்த ஊரின் பெயரை அது சொல்லாது. குவாட்டமாலாவிலிருந்து வந்த சில குழந்தைகளுக்கோ, அதிகாரிகள் பேசும் ஆங்கிலமும் தெரியாது, காப்பகத்தார் பேசும் ஸ்பானிய மொழியும் தெரியாது. மாம், கிச்சே முதலிய பழைய மாயா மொழிகளே அவர்களின் தாய்மொழி. சுற்றியிருப்பவர் வாயிலிருந்து வரும் சொற்கள் யாவும் அவர்களுக்கு வெறும் ஓசையே. குடியேற்ற வழக்குகளில் அரசாங்கச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமையும் அந்நாட்டில் இல்லை. 2018 ஜூலையில் அரிசோனா மாநிலத்துக் குடியேற்ற நீதிமன்றத்தில், ஒரு வயதுக் குழந்தையின் வழக்கு அழைக்கப்பட்டது. குழந்தை புட்டியில் பால் குடித்துக்கொண்டும் பந்தை உருட்டிக்கொண்டும் இருந்தது. வழக்கு விவரம் விளங்குகிறதா என்று பிரதிவாதியைக் கேட்கவேண்டியது நீதிபதியின் கடமை. அக்கேள்வியைக் கேட்கத் தமக்கே கூச்சமாக இருப்பதாக அவர் மன்றத்தில் சொன்னார்.

‘குழந்தைக்கு உணவு கொடுத்தார்கள், படுக்கை கொடுத்தார்கள், விளையாட்டுச் சாமான்களும் கொடுத்தார்கள், வேறென்ன வேண்டும்?’ என்று சிலர் வினவினார்கள். இவ்வினாவுக்கு விஞ்ஞானம் நெடுநாள் முன்பே விடை கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், லண்டன் நகரின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்காமும் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். தாயின் அணைப்பிலே இருந்தபடி குண்டு வீச்சைக் கண்ட குழந்தையைவிட, பத்திரமான இடத்துக்கென்று தாயைப் பிரித்து அனுப்பப்பட்ட குழந்தையே மிகுதியாகக் கலங்கிற்று என்பதை அவர்கள் கண்டார்கள். 1951-இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக டாக்டர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, தாயன்பு என்பது உணவைப்போல் உயிர்த் தேவை என்று நிறுவிற்று. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை 1952-இல் திரைப்படமாக எடுத்துக் காட்டினார். பிரிவுற்ற குழந்தை முதலில் அழுது எதிர்க்கும். பின்பு நம்பிக்கை இழந்து வாடும். இறுதியில் பற்று விட்டு அமைதியாகிவிடும். அந்த மூன்றாம் நிலையைக் கண்டு, ‘குழந்தை பழகிவிட்டது’ என்று பெரியவர்கள் மகிழ்கிறார்கள். உண்மையில் அதுவே மிகவும் அஞ்சத்தக்க நிலை.

இந்நூற்றாண்டில் மருத்துவர்கள் இதனை உடலியல் வாயிலாகவும் விளக்குகிறார்கள். நெடிய அச்சத்தால் உடலில் சுரக்கும் சில இரசங்கள், வளரும் மூளைக்கே கேடு செய்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அந்நாளைய தலைவர் டாக்டர் காலீன் கிராஃப்ட், 2018-இல் டெக்சஸ் மாநிலத்துக் காப்பகம் ஒன்றைச் சென்று பார்த்தார். ஏறத்தாழ இரண்டு வயதுள்ள பெண் குழந்தை ஒன்று தரை விரிப்பைக் கையால் அறைந்து அறைந்து அழுதுகொண்டிருந்தது. பணிப்பெண் பொம்மையும் புத்தகமும் கொடுத்துத் தேற்ற முயன்றாள். ஆனால் குழந்தையைத் தூக்கி அணைக்க அவளுக்கு அனுமதி இல்லை. அக்குழந்தைக்கு வேண்டியது தாய் என்பதை அறையில் இருந்த அனைவரும் அறிந்திருந்தார்கள். அதனை ஒருவராலும் தர முடியவில்லை.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததாகவும், மனுநீதிச் சோழன் இறங்கி வந்து நீதி வழங்கியதாகவும் திருவாரூர்க் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கும் ஒரு தாய் மணியை அசைத்தாள். ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து தன் சிறு மகளுடன் வந்தவள் அவள். 2017 நவம்பரில் அவள் வேலி தாண்டவில்லை. எல்லை வாயிலுக்கே முறைப்படி வந்து புகலிடம் கேட்டாள். ஆயினும் சில நாட்களில் மகளைப் பிரித்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிக்காகோ நகருக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் சான் டியேகோவில் காவலில் இருந்தாள். நான்கு மாதங்களுக்கு மேலாகப் பிரிவு நீடித்தது. 2018 பிப்ரவரியில் அவள் சார்பில் வழக்குத் தொடுத்த பின்னரே, மரபணுச் சோதனை செய்து அவளே தாய் என்று உறுதி கண்டார்கள். மார்ச்சு மாதத்தில் மகள் அவள் கையில் வந்து சேர்ந்தாள். அந்த ஒரு தாயின் வழக்கே பின்பு எல்லாப் பெற்றோருக்குமான வழக்காக விரிந்தது.

நாடெங்கும் எழுந்த கண்டனத்தால், பிரிப்பதை நிறுத்தும்படி ஜனாதிபதி டிரம்ப் ஜூன் 20-ஆம் தேதி ஆணையிட்டார். ஆனால் ஏற்கெனவே பிரிந்தவர்களைப் பற்றி அவ்வாணையில் வழி கூறப்படவில்லை. ஆறு நாள் கழித்து நீதிபதி சாப்ரா தீர்ப்பளித்தார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை 14 நாட்களுக்குள்ளும், மற்றவர்களை 30 நாட்களுக்குள்ளும் பெற்றோரிடம் சேர்க்கவேண்டும் என்று கெடு விதித்தார். அப்பொழுதுதான் பதிவேடு இல்லாத கேடு முழுதும் வெளிப்பட்டது. கோப்பு கோப்பாகப் புரட்டினார்கள். மரபணுச் சோதனை செய்தார்கள். சட்ட உதவி செய்வோர் குவாட்டமாலாவின் மலைக்கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பெற்றோரைத் தேடினார்கள். சேர்ந்த இடத்திலும் துயரம் தீரவில்லை. தாயைக் கண்டும் அடையாளம் அறியாமல் முகம் திருப்பிக்கொண்ட மழலைகள் உண்டு. ராபர்ட்சன் காட்டிய மூன்றாம் நிலை அதுவே. 2017-ஆம் ஆண்டு முதல் பிரிக்கப்பட்ட குழந்தைகள் 5,000-க்கு மேற்பட்டவர்கள் என்பது பின்னர்த் தெரியவந்தது. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், பெற்றோரோடு சேர்ந்ததாக உறுதி செய்யப்படாதவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு இத்தகைய பிரிப்பு முறையைத் தடுக்கும் சமரச உடன்பாட்டை 2023 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்றது.

‘பிரிப்பது தவறானால், குடும்பத்தையே ஒன்றாகக் காவலில் வைக்கலாமே’ என்று கேட்கலாம். அதுவும் சரியான தீர்வு அன்று. குழந்தைகளை நெடுங்காலம் அடைத்து வைக்கலாகாது என்பதற்காகவே 1985-இல் தொடங்கிய வழக்கொன்றின் முடிவாக, 1997-இல் ஃபுளோரஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. பெற்றோருடன் இருக்கும் குழந்தைகளுக்கும் அது பொருந்தும் என்று 2015-இல் நீதிமன்றம் தெளிவாக்கிய பின், 20 நாள் என்பது பொது வரம்பாயிற்று. ஆயினும் டெக்சஸ் மாநிலத்து டில்லி என்னும் சிற்றூரில் 2,400 பேருக்காக 2014-இல் திறந்த குடும்பக் காவல் முகாம், இடையிலே நிறுத்தப்பட்டும், 2025-இல் குடும்பங்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. எத்துணைக் குறுகிய காலக் காவலும் குழந்தைக்கு நன்மையானது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-லேயே அறிவித்திருந்தது.

நம் மொழி பேசும் குடும்பம் ஒன்றும் இத்தகைய காவலை அனுபவித்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயிலா என்னும் சிற்றூரில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்த் தம்பதிகளும், அங்கேயே பிறந்த அவர்களுடைய இரு பெண் குழந்தைகளும், 2018 மார்ச்சு மாதம் விடியற்காலையில் காவலில் எடுக்கப்பட்டார்கள். முதலில் மெல்போர்ன் நகரிலும், 2019 ஆகஸ்டு முதல் இந்துமாக் கடலின் நடுவே கிறிஸ்துமஸ் தீவிலும் வைக்கப்பட்டார்கள். தாயும் தந்தையும் உடன் இருந்தும், வேலிக்குள்ளேயே குழந்தைப் பருவம் கழிந்தது. 2021 ஜூனில் இளைய குழந்தை கடும் நோயுற்றுப் பெர்த் நகருக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டபோது, தாய் மட்டும் உடன் சென்றாள். தந்தையும் மூத்தவளும் சில நாட்கள் தீவிலேயே நின்றுவிட்டார்கள். ஆனால் அவர்களை மறவாத ஓர் ஊர் இருந்தது. இறைச்சித் தொழிற்சாலையும் சுரங்கமும் உள்ள அச்சிற்றூரின் சாதாரண மக்கள், ‘எங்கள் அண்டை வீட்டார் எங்கே?’ என்று நான்கு ஆண்டுகள் ஓயாமல் கேட்டார்கள். 2022 ஜூனில் அக்குடும்பம் பிலோயிலா திரும்பியது. ஆகஸ்டில் நிலையாகத் தங்கும் உரிமையும் பெற்றது.

எல்லையைக் காப்பது அரசாங்கத்தின் உரிமை. யார் வரலாம், யார் தங்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரமும் அதற்கு உண்டு. இதனை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறர் வராமல் அஞ்சும் பொருட்டு, வந்தவரின் குழந்தையைத் துன்புறுத்தலாமா? 2017 மார்ச்சிலேயே, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அந்நாளைய செயலர் ஜான் கெல்லி, மக்களை வரவிடாமல் தடுப்பதற்காகவே இப்பிரிப்பை ஆலோசிப்பதாகத் தொலைக்காட்சியில் கூறியிருந்தார். ஒரு மனிதரை அச்சுறுத்த மற்றொருவரை வருத்துவதை எந்த நீதிநூலும் ஏற்காது. வருந்துவது குழந்தையாயின் கேட்கவே வேண்டா. பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் குழந்தையைப் பிரிக்கலாகாது என்றும், காவல் என்பது இறுதி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்காகவுமே இருக்கவேண்டும் என்றும் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை விதிக்கிறது. இந்தியா அதனை 1992-இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா 1995-இல் கையொப்பமிட்டும் இன்றுவரை உறுதி செய்யவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை அலுவலகங்களில் அமரப்போகிறீர்கள். உங்கள் மேஜைமீது படிவங்கள் வரும், பதிவேடுகள் வரும், சில சமயம், நெஞ்சு ஒப்பாத ஆணைகளும் வரும். எல்லையில் பணியாற்றியவர் அனைவரும் கொடியவர் அல்லர். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. தமக்குரிய கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த மேஜைக்குத் தாளைத் தள்ளினார்கள். ‘இக்குழந்தை யாருடையது? யாரிடம் திரும்பச் சேர்ப்பது?’ என்ற கட்டம் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அத்தகைய கட்டம் இல்லாத படிவம் என்றேனும் உங்கள் கைக்கு வருமானால், நிரப்புவதற்கு முன்பு எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அக்கேள்வியைக் கேளுங்கள். உரத்துக் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கையொப்பம் இடாதீர்கள்.